திருவமுதுக்கு உரிய நெல்



அறுபத்து மூவர் சரித்திரத்துள் நெல்லை விட்டு அகலாத கதைகள் சில உண்டு. அவற்றுள் அரிவாட்டாய நாயனாருடைய கதையை முதலில் நினைவுகூர்ந்து, இன்று எடுத்துக்கொண்ட விஷயத்துக்குள் புகலாம் என்று கருதுகிறேன். சோழ நாட்டுக் கணமங்கலத்தில் வேளாளர் குலத்தில் பிறந்த தாயனார் என்பவர், நாள்தோறும் செந்நெல் அரிசியும் செங்கீரையும் மாவடுவும் சிவபெருமானுக்கு அமுது செய்விக்கும் நியமத்தை மேற்கொண்டிருந்தார். செல்வம் குறைந்தது, நியமம் குறையவில்லை. பிறர் வயலில் கூலிக்கு நெல்லறுக்கப் போனார். அப்படிப் போன காலத்தில் செந்நெல் அறுத்து வந்த கூலியை இறைவனுக்கென்றும், கார்நெல் அறுத்து வந்த கூலியைத் தம் குடும்பத்துக்கென்றும் பிரித்து வைத்துக்கொண்டார். ஊரிலுள்ள வயலெல்லாம் செந்நெல்லாகவே விளையும்படி இறைவன் சோதித்தபோது, தமக்கென்று கார்நெல் கிடைக்காமற் போனதற்கு வருந்தாமல், கிடைத்ததெல்லாம் ஆண்டவனுக்கே ஆயிற்று என்று மகிழ்ந்து, கொல்லையில் மனைவியார் பறித்துச் சமைத்த கீரையை உண்டு நாட்களைக் கழித்தார் என்று சேக்கிழார் பெருமான் சொல்லுகிறார்.

இந்தக் கதையின் முடிவாகிய அற்புதத்தை, அதாவது நிலவெடிப்பில் சிந்திய அமுதுக்காகத் தம் கழுத்தையே அரிவாளால் அரியப் புகுந்த தொண்டரை இறைவன் கை தடுத்ததையும், வெடிப்பினுள்ளிருந்து மாவடுவைக் கடிக்கும் ஓசை கேட்டதையும் எல்லோரும் போற்றுகிறோம். ஆனால் அதற்கு முன் நிற்கும் கூலிக் கணக்கை நாம் அவ்வளவு கவனிப்பதில்லை. பசித்த வயிற்றோடு களத்தில் நிற்கும் ஒரு கூலியாள், தன் கையில் வந்த இருவகை நெல்லையும் ஒன்றாகக் கொட்டாமல், இது அவனுக்கு, இது எனக்கு என்று வேறு வேறு முடிச்சாகக் கட்டிக்கொண்டு வீடு திரும்பினான் என்றால், நிவேதனத்துக்கு ஏதோ ஓர் அரிசி போதும் என்னும் எண்ணம் அந்த நாளில் எவ்வளவு அந்நியமாக இருந்திருக்க வேண்டும்! சேக்கிழார் சோழனிடம் அமைச்சராக இருந்தவர். வயலையும் களத்தையும் குடியின் கூலியையும் அறிந்தவர். ஆகவே அவர் செந்நெல், கார்நெல் என்று சொல்லும்போது வெறும் அலங்காரமாகச் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை.

இளையான்குடிமாற நாயனார் புராணத்திலும் இந்த அறிவு விளங்குகிறது. நள்ளிரவு, மழை, அடியார் வேடத்தில் வந்த விருந்தினருக்கு இட வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. பகலில் வயலில் விதைத்த முளைநெல்லையே வாரிக்கொண்டு வரலாம் என்று மனைவியார் யோசனை சொல்ல, நாயனார் கூடையைத் தலையிற் கவித்துக்கொண்டு, காலால் வழியைத் தடவித் தடவிச் சென்று, சேற்று நீரில் மிதந்த முளைகளைக் கையால் கூட்டி அள்ளி வருகிறார். நனைந்து முளைவிட்ட நெல்லை உரலில் இட்டுக் குத்தினால் அது அரிசியாகாது, மாவாகக் குழைந்துவிடும் என்பது சமையலறையில் நின்றவர்களுக்குத் தெரியும். அந்த அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? சேறு போகக் கழுவி, ஓட்டிலிட்டு ஈரம் வற்ற வறுத்து, அதன் பின்னரே குத்தி அரிசியாக்கினார். அடுப்பெரிக்க விறகில்லை, வீட்டுக் கூரையின் கழிகளே விறகாயின. பக்தியின் உச்சியைச் சொல்ல வந்த புலவர், ஈர நெல்லை வறுக்கும் அந்தச் சிறு காரியத்தை விட்டுவிடாமல் சொன்னதில்தான் நம்முடைய பண்பாட்டின் பெருமை இருக்கிறது.

இனிக் கல்வெட்டுகளைப் பார்ப்போம். தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் ராஜராஜ சோழன் காலத்து நிவந்தங்கள் பல வெட்டப்பட்டிருக்கின்றன. இன்ன திருமேனிக்கு ஒரு போதைக்கு இவ்வளவு திருவமுது, அதற்கு வேண்டிய நெய்யமுது, பருப்பமுது, கறியமுது, தயிரமுது, உப்பு, அடைக்காய், விறகு என்று ஆழாக்கு உழக்கு பிசகாமல் கணக்கு எழுதியிருக்கிறார்கள். அளக்கும் மரக்காலுக்கும் ஆடவல்லான் என்று ஆண்டவன் பெயரையே இட்டிருந்தார்கள். அந்தக் கணக்கில் இரண்டு விஷயங்கள் என் மனத்தைக் கவர்ந்தவை. ஒன்று, ஐந்திரண்டு வண்ணம் என்று வரும் விகிதம். ஐந்து நாழி நெல்லுக்கு இரண்டு நாழி அரிசி என்பது அதன் பொருள். குத்திப் புடைத்து, தவிடும் நொய்யும் கல்லும் நீக்கி, முழுமணியாக நின்ற அரிசியை மட்டுமே மடைப்பள்ளிக்குள் விட்டார்கள் என்று இதனால் எண்ண இடமுண்டு. மற்றொன்று, திருவமுதுக்குப் பழவரிசி வேண்டும் என்று பெயர் சொல்லி விதித்திருப்பது.

பழவரிசி ஏன்? அறுத்து ஒரு வருஷமாவது குதிரில் கிடந்த நெல்லின் அரிசி, உலையில் நீரை மிகுதியாக உண்டு, நீளமாக மலர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் வேகும், அளவிலும் மிகும். புதுநெல்லின் அரிசியோ விரைவில் வெந்து, கஞ்சியோடு கஞ்சியாகக் குழையும். ஆகையால் வெண்சோறாகவும், புளியோதரையாகவும், எள்ளோதரையாகவும் சமர்ப்பிப்பதற்குப் பழவரிசியும், பாலும் வெல்லமும் சேர்ந்து ஒன்றாய்க் கரைய வேண்டிய பொங்கலுக்குப் புத்தரிசியும் உகந்தவை ஆயின. தை மாதத்தில் புதுப்பானையும் புத்தரிசியும் சேர்ந்து வருவதை அறுவடையின் மகிழ்ச்சி என்று மட்டும் நாம் சொல்லிவிடுகிறோம். அது உண்மைதான், ஆனால் குழைவதற்கு அந்த அரிசியே தகுந்தது என்னும் அனுபவமும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

பச்சரிசி, புழுங்கலரிசி என்னும் வேற்றுமையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திக் குத்துவது புழுங்கலரிசி. உமிக்குள்ளிருக்கும் சத்தில் ஒரு பகுதி அவிக்கும்போது மணிக்குள் இறங்கிவிடுவதால் உழைப்பாளிகளுக்கு அது நல்ல ஆகாரம். நெடுநாள் கெடாமலும் இருக்கும். ஆயினும் ஒரு முறை நெருப்பில் வெந்ததை மறுபடி வேகவைத்து ஆண்டவனுக்குப் படைப்பதில்லை என்பது நம் ஆலய சம்பிரதாயம். எனவே நிவேதனத்துக்குப் பச்சரிசியே விதி. நாம் தினசரி உண்பது புழுங்கலாக இருக்க, பண்டிகை நாளில் மட்டும் வீட்டில் பச்சரிசி உலையேறுவதற்கு இதுவே காரணம்.

மடைப்பள்ளியின் நியமங்களை நீங்கள் அறிவீர்கள். பரிசாரகர் நீராடி ஈர வஸ்திரத்தோடு உள்ளே போகிறார். மூச்சும் எச்சிலும் படாதபடி வாயைத் துணியால் கட்டிக்கொள்கிறார். உப்பையும் காரத்தையும் நாவில் வைத்துப் பார்க்கும் வழக்கமே இல்லை. ருசி பார்க்காமல் சமைப்பவருக்கு ஆதாரம் எது? படியும் ஆழாக்கும்தான்; அதற்கும் மேலாக, நேற்றுப் போலவே இன்றும் வேகும் ஒரே வகை அரிசி. அரிசி மாறிவிட்டால் நீரளவு மாறும், நேரம் மாறும், உப்பின் பாகம் மாறும். ஒரே நெல்லைப் பல தலைமுறைகளாகக் கையாண்ட பழக்கத்தினால்தான் கண்ணால் பார்த்தே பதம் சொல்லும் வல்லமை அவர்களுக்கு வந்தது.

சிதம்பரத்துக்குச் சென்றவர்கள் நடராஜப் பெருமானுடைய பிரசாதமாகிய சம்பா சாதத்தையும் அதற்குத் துணையான கத்தரிக்காய்க் கொத்சுவையும் உண்டிருப்பீர்கள். மிகவும் எளிய பக்குவம் அது. வடித்த சோற்றில் மிளகும் சீரகமும் பொடி செய்து, நெய்யில் பொரித்துக் கலந்து, உப்பிட்டுப் பிசறி எடுப்பதுதான். புளியில்லை, வெல்லமில்லை, தேங்காயில்லை. சோற்றின் குற்றத்தை மறைக்கக்கூடிய எந்தத் திரவியமும் அதில் இல்லை. சோறு சம்பாவாக இருந்தால் நெய் மணியைச் சுற்றி மினுமினுவென்று படர, மிளகு ஒவ்வொரு பருக்கையிலும் பிடித்து நிற்கும். மெல்லியதாகத் தீட்டிய பருவமில்லாத அரிசியாக இருந்தாலோ கை பட்டதும் மசிந்து உருண்டையாகிவிடும். சம்பா என்னும் பெயரைத் தாங்கிய ஒரு பிரசாதம் சம்பாவல்லாத அரிசியில் ஆக்கப்படும் காலம் வரலாமா என்று கேட்கிறேன்.

வைஷ்ணவ ஆலயங்களில் அக்காரவடிசிலுக்கு உள்ள ஏற்றத்தைச் சொல்லத் தேவையில்லை. திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா நிறைந்த அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டதாக ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் பாடிவைத்தாள். அவளால் நிறைவேற்ற முடியாமற் போன அந்தப் பிரார்த்தனையைப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் ராமானுஜர் தாமே செய்து முடித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தபோது, ஆண்டாள் அவரைத் தமையனாகக் கொண்டு கோயிலண்ணன் என்று அழைத்தாள் என்பது குருபரம்பரைச் செய்தி. மார்கழி இருபத்தேழாம் நாள் கூடாரவல்லியன்று வீடுதோறும் இது தளிகையாகிறது. நீரில் வேகவைத்துப் பால் சேர்ப்பது அக்காரவடிசில் ஆகாது. பச்சரிசியையும் சிறிது பாசிப்பருப்பையும் நெய்யில் வறுத்து, பாலிலேயே இட்டு, சுண்டச் சுண்டப் பாலை விட்டுக்கொண்டே, நெருப்பைத் தணித்து வைத்து, அடிபிடிக்காமல் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். அரிசி பாலை உறிஞ்சி உறிஞ்சித் தன் உருவத்தை விட்டுக்கொடுக்கும் சமயத்தில்தான் வெல்லப்பாகு சேரலாம். முந்திக்கொண்டு வெல்லத்தை இட்டால் அதன்பின் எவ்வளவு நேரம் எரித்தாலும் அரிசி வேகாது. இதற்கென்று மணமுள்ள சிறுமணிச் சீரகச் சம்பாவைத் தேடி வாங்கும் பாட்டிமார்கள் சோழ நாட்டுக் குடும்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். பாலின் மணத்தோடு போட்டியிடாமல் அதற்கு இசைந்து நிற்கும் மணம் அந்த அரிசிக்கு உண்டு.

மற்றப் பிரசாதங்களை விரைவாகவே சொல்லிப் போகிறேன். காஞ்சி வரதராஜர் சந்நிதியில் அரிசியும் உளுந்தும் அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஆவியில் வேகவைக்கும் இட்டலி, அழகர் கோயிலில் கறுப்பு உளுந்துத் தோலோடு நெய்யில் வேகும் கனத்த தோசை, திருக்கண்ணபுரத்தில் இரவு வேளையில் படைக்கப்படும் முனையதரையன் பொங்கல், ஆருத்ரா தரிசனத்தன்று, சேந்தனார் படைத்ததை நினைந்து வறுத்த அரிசியில் செய்யும் திருவாதிரைக் களி, கார்த்திகைத் தீபத்துக்கு நெற்பொரி, கோகுலாஷ்டமிக்கு அவல், மாசியும் பங்குனியும் கூடும் வேளையில் நோன்பிருக்கும் பெண்கள் காராமணியோடு சேர்த்துத் தட்டும் காரடை. அரிசி ஒன்றுதான், வறுத்து, பொரித்து, இடித்து, அரைத்து, அவித்து, பாலில் கரைத்து அதை எத்தனை விதமாகத் தெய்வத்தின் முன் வைத்திருக்கிறோம்!

மாவிளக்கை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் துணியில் பரப்பி, கையால் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் தண்ணீர் ஒட்டக் கூடாது என்ற பதத்தில் எடுத்து உரலில் இடிக்கிறார்கள். சலித்த மாவில் வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழித்து, நெய் வார்த்துத் திரியேற்றி, மாரியம்மன் சந்நிதியிலோ புரட்டாசிச் சனிக்கிழமையில் பெருமாள் முன்னிலையிலோ வைக்கிறார்கள். நெய் உருகி மாவில் இறங்கி, திரி மலையேறிய பின் அந்த மாவே பிரசாதமாகிறது. அடுப்பில் ஏறாத நிவேதனம் அது. அரிசி பழையதாக மக்கி இருந்தாலும், தீட்டிய பின் நெடுநாள் கிடங்கில் கிடந்ததாக இருந்தாலும், மறைக்க நெருப்பில்லாத காரணத்தால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

ஐப்பசிப் பௌர்ணமியில் சிவாலயங்களில் நடைபெறும் அன்னாபிஷேகத்தைக் கங்கைகொண்ட சோழபுரத்தில் தரிசிக்க வேண்டும். பதின்மூன்று அடி உயரமுள்ள அந்தப் பெரிய லிங்கத் திருமேனி முழுதும் சோற்றால் மூடப்பட்டு, ஆவுடையாரும் மறைந்து, வெண்மையான ஓர் அன்னமலையாகக் காட்சி தருகிறது. லிங்கத்தின் மேற்பட்ட அன்னத்தை நீர்நிலையில் கரைத்து மீன்களுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் கொடுத்துவிட்டு, மற்றதை அடியார்களுக்கு வழங்குகிறார்கள். குறுவை அறுவடை ஓயும் பருவத்தில், சம்பா வயல்கள் பச்சையாய் நிற்கும் வேளையில் இந்த விழா வருகிறது.

நெல்லின் வகைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பொழுது போதாது. பள்ளு நூல்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். முக்கூடற்பள்ளில் அழகர் பண்ணையின் நெல் வகைகளைப் பள்ளன் வரிசையாகச் சொல்லுகிறான். தெய்வத்தின் பண்ணையில் எந்த விதை எத்தனை இருக்கிறது என்று கணக்கு ஒப்பிப்பதே அங்கே ஒரு காட்சியாக அமைந்திருக்கிறது. சீரகச் சம்பா, கிச்சிலிச் சம்பா, தங்கச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருங்குறுவை, கறுப்புக் கவுனி என்று இன்றும் நாம் கேட்கும் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு மண்ணுக்கும் ஒரு பருவத்துக்கும் ஒரு பக்குவத்துக்கும் உரியவை. செட்டிநாட்டுக் கல்யாணங்களில் பரிமாறும் கவுனி அரிசி இனிப்பு வேறெந்த அரிசியிலும் அமையாது. ஆம்பூரிலும் திண்டுக்கல்லிலும் பிரியாணி செய்வோர் சீரகச் சம்பாவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். பல கோயில் மடைப்பள்ளிகள் மறந்துவிட்ட அரிசியை அவர்களுடைய அடுப்புகள் மறக்கவில்லை.

எப்படி மறந்தோம்? குற்றம் ஒருவர்மேல் இல்லை. 1960களில் நாட்டில் உணவுப் பஞ்சம் கடுமையாக இருந்தது. உயர்ந்து வளரும் பழைய சம்பாப் பயிர், ரசாயன உரம் கொஞ்சம் மிகுந்தாலும் கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். ஆகவே உரத்தை மணியாக்கும் ஆடுதுறை 27 போன்ற வித்துகளும், 1966இல் வெளிவந்த ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல்லும் காவிரிப் படுகைக்குள் வந்தன. ஐந்து ஆறு மாதம் வயலில் நின்ற சம்பாவின் இடத்தில் சுமார் நான்கு மாதத்தில் அறுக்கும் பயிர் வந்தது, பசி தீர்ந்தது. அந்த விஞ்ஞானிகளுக்கும் உழவர்களுக்கும் நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் பசி தீர்ந்த பின்னும் நெல்லை எடையால் மட்டுமே மதிக்கும் பழக்கம் தங்கிவிட்டது. கோயில் நிலத்துக் குத்தகை நெல்லும் அப்படியே ஆயிற்று; கடையில் மலிவாகக் கிடைத்த பச்சரிசி மடைப்பள்ளிக்கு வந்தது; எந்தப் பிரசாதத்துக்கு எந்த அரிசி என்று சொல்லத் தெரிந்த பரிசாரகர்களும் ஒவ்வொருவராக மறைந்தார்கள்.

இந்த மறதிக்கு எதிராகத் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரை இங்கே வணங்குகிறேன். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கட்டிமேட்டில் வாழ்ந்த ஜெயராமன், இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் காட்டிய வழியில் நின்று, ஊர் ஊராகச் சென்று 174 பாரம்பரிய நெல் வகைகளைத் தேடிச் சேர்த்தார். ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, வந்த உழவருக்கு இரண்டு கிலோ விதை கொடுத்து, மறு வருஷம் அதை நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு பரப்பினார். 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது தமிழ்நாடு அவரை நெல் ஜெயராமன் என்றே அழைத்து அழுதது. ஓர் ஏழை உழவர் செய்ததைப் பெருநிலமுடைய ஆலயங்கள் செய்ய முடியாதா?

கன்னியாகுமரி மாவட்டத்துக் கோயில்களில் ஆடி மாதத்தில் நிறைபுத்தரிசி பூஜை நடக்கிறது. வயலிலிருந்து கதிர்க்கட்டைத் தலையிற் சுமந்து ஆலயத்துக்குக் கொண்டுவந்து, பூஜை செய்து, அடியார்களுக்குக் கொத்துக் கொத்தாகக் கொடுக்கிறார்கள். அவர்கள் அதை வீட்டு வாயிலில் கட்டி வைக்கிறார்கள். வயலுக்கும் சந்நிதிக்கும் உள்ள சம்பந்தம் அங்கே அறுந்துபோகவில்லை. காவிரிக் கரையில் அந்தச் சம்பந்தத்தை மீண்டும் உண்டாக்குவது பெரிய காரியமன்று என்பதற்கு ஒரு கணக்குச் சொல்லுகிறேன்.

ஒரு நடுத்தரக் கோயிலில் எல்லாக் கால பூஜைகளுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி நிவேதனத்துக்கு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு ஐந்நூற்றைம்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். சீரகச் சம்பா ஏக்கருக்கு ஒரு டன் நெல்தான் தரும் என்று குறைவாகவே மதித்தாலும், அறுநூறு கிலோ அரிசிக்குக் குறையாது. அதாவது ஓர் ஏக்கர், நம் கணக்கில் மூன்று மா நிலம் போதும். தமிழ்நாட்டு ஆலயங்களுக்கு நான்கு லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கிறது என்று அரசாங்கமே சொல்லுகிறது. அவற்றில் நஞ்சையுள்ள ஒவ்வோர் ஆலயமும் மூன்று மா நிலத்தை அமுதுபடிக்கென்று ஒதுக்கி, அதன் குத்தகையை ரூபாயாக வாங்காமல், இன்ன சம்பா இவ்வளவு கலம் என்று நெல்லாகவே அளந்து வாங்க வேண்டும். விளைச்சல் குறைவதால் குடியானவருக்கு வரும் நஷ்டத்தைக் குத்தகையில் தள்ளிக் கொடுப்பது தர்மம். பெரிய அன்னதானங்களுக்கு வேண்டிய மூட்டைக் கணக்கான அரிசியைப் பற்றி நான் இப்போது பேசவில்லை. திரைக்குப் பின்னே சந்நிதியில் வைக்கப்படும் அந்த ஒரு தளிகையைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

இந்தச் சபையில் கோயில் நிலத்தைச் சாகுபடி செய்பவர்களும், தர்மகர்த்தர்களாக இருப்பவர்களும் வந்திருக்கிறீர்கள். ஆடிக் கடைசியில் நாற்றங்கால் விட்டால் சீரகச் சம்பா தையில் களத்துக்கு வரும். அதில் ஒரு பகுதியை உடனே குத்திப் பொங்கலுக்குப் புத்தரிசியாக மடைப்பள்ளியில் சேர்த்துவிட்டு, விதைக்கென்று ஒரு கோட்டை கட்டி வைத்து, மிச்சத்தை உமியோடு குதிரில் போட்டு மூடுங்கள். அடுத்த தை வரும் வரையில் அதைத் திறக்க வேண்டாம். புளியோதரைக்கும் சம்பா சாதத்துக்கும் அந்தக் குதிர் நெல்லைக் குத்தி எடுக்கலாம்.